வீழக் கற்றவர்

தமிழிலே ‘வீழ்தல்’ என்னும் வினைக்கு இரு பொருள் உண்டு. மேலிருந்து கீழே விழுதல் ஒன்று, விரும்புதல் மற்றொன்று. வள்ளுவர் காமத்துப்பாலில் காதலரை ‘வீழ்வார்’ என்று குறிப்பதை இலக்கிய மாணாக்கர் நன்கறிவர். ஒரே சொல் இவ்விரு பொருளையும் எவ்வாறு தாங்கிற்று என்பதை மொழிநூலார் ஆராயட்டும். வானிலிருந்து வீழ்வதையே விரும்பி, அதனை ஒரு கலையாகவும் ஒழுக்கமாகவும் வளர்த்துக்கொண்ட மாந்தரைப் பற்றி எழுதப் புகும் எனக்கு, இச்சொல்லே தக்க தோரணவாயிலாய் அமைகின்றது.

தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்கும் வான்குடைக்கும் என்ன உறவு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். பூண்டுலோயா ஒரு மலையூர். டன்சினன் அருவியின் ஓசையோடு வளர்ந்தவர்கள் எம் மாணாக்கர். கூடைக் கயிற்றைத் தலையில் இட்டுக்கொண்டு, வழுக்கும் சரிவிலே கால் பதித்துக் கொழுந்து கிள்ளும் அன்னையரின் பிள்ளைகள் அவர்கள். உயரமும் பள்ளமும் எமக்குப் புதியன அல்ல. ஆயினும் அண்மைக் காலத்திலே ஒரு கவலை எம் போன்ற ஆசிரியரைப் பற்றியுள்ளது. கைப்பேசியிற் படம் பிடிப்பதற்காகப் பாறை விளிம்பிலே நிற்பதும், ஆழம் அறியாத அருவித் தடாகத்திற் குதிப்பதும் வீரம் என்று இளைஞர் சிலர் எண்ணத் தலைப்பட்டுள்ளனர். அதனால் உயிர் நீத்தோர் பற்றிய செய்திகளை நாளிதழ்களிலே படிக்கின்றோம். “விமானத்திலிருந்தே குதிக்கின்றார்களே ஐயா, நாங்கள் பாறையிலிருந்து குதித்தால் என்ன?” என்று ஒரு மாணவன் வகுப்பிலே கேட்டான். அவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. விடை தேடிப் படித்தேன், அறிந்தோரிடம் கேட்டேன். அதன் பயனே இக்கட்டுரை.

முதலிற் சொல்லை நோக்குவோம். ‘பரசூட்’ என்னும் சொல்லைப் படைத்தவர் பிரான்சு நாட்டவரான லூயி செபஸ்தியன் லெநோர்மான். 1783ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் மொன்பெலியே நகரத்து வானாய்வுக் கோபுரத்திலிருந்து, சட்டம் பொருத்திய குடையொன்றைப் பற்றிக்கொண்டு அவர் இறங்கிக் காட்டினார். தீப்பற்றிய மாடங்களிலிருந்து மக்கள் தப்புவதற்கு அது உதவும் என்பது அவர் கருத்து. பிரெஞ்சு மொழியிலே வெயிலைத் தடுப்பது ‘பரசோல்’. மழையைத் தடுப்பது ‘பரப்புளுயி’. வீழ்ச்சியைத் தடுப்பது ‘பரசூட்’. மூன்றும் உடன்பிறந்த சொற்கள். ஆகவே நம்மவர் ‘வான்குடை’ என்று ஆக்கியது மிகப் பொருத்தமான ஆக்கமே. மற்றைக் குடைகள் மேலிருந்து வருவதைத் தடுக்கின்றன. இக்குடையோ கீழே காத்திருப்பதிலிருந்து நம்மைக் காக்கின்றது.

லெநோர்மானுக்குப் பின், 1797ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், பரிஸ் நகரத்து மொன்சோ பூங்காவின் மேலே அந்திரே ஜாக் கார்னரென் என்பவர் வாயுக்கூண்டில் ஏறிச் சென்று, கயிற்றை அறுத்துப் பட்டுக்குடையின் கீழ்த் தொங்கும் கூடையிலே இறங்கினார். உயிர் பிழைத்தார், ஆனால் ஊசற்குண்டுபோல் இருபுறமும் ஆடி அலைக்கழிந்தே நிலம் சேர்ந்தார். குடையினுள் அடைபட்ட காற்று வெளியேற வழியின்றி ஓரங்களிலே பீறிட்டமையே அதற்குக் காரணம். பிற்காலத்தார் குடையின் உச்சியிலே ஒரு துளை விட்டனர், ஆட்டம் அடங்கிற்று. காற்றை எதிர்த்து நிற்பதற்கும், அதற்குச் சிறிது வழிவிடல் வேண்டும் என்பதனை அத்துளை கற்பித்தது.

இனி, கற்க மறுத்தவர் ஒருவரையும் காண்போம். பிரான்ஸ் ரைக்கெல்ட் என்பவர் பரிஸ் நகரத்துத் தையற்காரர். உடுப்பாகவே அணியத்தக்க வான்குடை ஒன்றைத் தாமே தைத்தார். 1912ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள், ஐபெல் கோபுரத்தின் முதலாம் தளத்திலிருந்து அதனைச் சோதிக்க அனுமதி பெற்றார். பொம்மையைக் கட்டித்தான் எறிவார் என்று அதிகாரிகள் கருதியிருந்தனர். அவரோ தாமே அணிந்து குதித்தார். குடை விரியவில்லை. படப்பிடிப்புக் கருவிகளின் முன்னே அவர் மாண்டார். அவரிடம் துணிவு குறைந்திருந்தது என்று எவரும் கூறவியலாது. குறைந்திருந்தது சோதனை. பாறை விளிம்பிலே நிற்கும் நம் இளைஞருக்கு இத்தையற்காரரின் கதையை நான் சொல்வதுண்டு.

இதே காலத்திலே ருசிய நாட்டு நடிகர் கிளெப் கோத்தெல்னிகோவ், 1910இல் விமானியொருவர் வானிலிருந்து வீழ்ந்து இறந்ததைக் கண்டு உளம் நொந்து, அடுத்த ஆண்டிலே முதுகிற் சுமக்கத்தக்க பொதியில் மடித்த வான்குடையை அமைத்தார். ஆயினும் விமானத்தை விட்டுத் தனியே வீழ்பவன் நினைவிழந்துவிடுவான், கையை அசைக்கவும் இயலாது என்று அறிஞர் பலர் நம்பியிருந்தனர். 1919ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள், அமெரிக்காவின் டெயிட்டன் நகரத்தருகே லெஸ்லி ஏர்வின் என்பவர் விமானத்திலிருந்து குதித்து, வீழும்போதே தம் கையாற் பிடியை இழுத்துக் குடையை விரித்து அந்நம்பிக்கையைப் பொய்ப்பித்தார். இறங்குகையிற் கணுக்கால் முறிந்தது உண்மை. நினைவு மாத்திரம் தவறவில்லை. வீழ்கின்ற மனிதனாலும் சிந்திக்க முடியும் என்று அன்று நிலைநாட்டப்பட்டது.

ஏர்வினின் நிறுவனம் 1922ஆம் ஆண்டிலிருந்து, வான்குடையால் உயிர் தப்பியவர்களுக்குப் பட்டுப்புழு வடிவிலமைந்த பொன் ஊசியொன்றை வழங்கிச் சிறப்பித்தது. அக்காலத்து வான்குடைகள் பட்டினாலானவை; புழுவும் தான் நூற்ற இழையிலே தொங்கி இறங்குவதன்றோ! இரண்டாம் உலகப் போரிலே யப்பானியப் பட்டு வருவது நின்றதும் நைலோன் அதன் இடத்தைப் பிடித்தது. பர்மாப் போர்முனையிலே அதற்கும் தட்டுப்பாடு. அங்கிருந்த பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம், கல்கத்தாச் சணல் ஆலையாரைக் கொண்டு சணற்றுணியாலேயே வான்குடை செய்வித்தார். முறையான குடைக்கு இருபது பவுண் செலவாக, சணற்குடை ஒரு பவுண் அளவில் முடிந்தது. அதில் மனிதரை இறக்கவில்லை. உணவு போன்ற பண்டங்கள் இறங்கின. எம் தோட்டங்களிலே கொழுந்து மலைக்குச் செல்லும் பெண்கள் இடுப்பிற் சுற்றிக்கொண்ட சாக்கின் உடன்பிறப்பு, ஒருகாலத்தில் வானத்திலிருந்து உணவு கொண்டு இறங்கிற்று என்பதை அறிந்தபோது எனக்குச் சொல்லொணா உவகை பிறந்தது.

இன்றைய கருவிகளை நூலறிவால் மாத்திரமன்றிக் கண்ணாலும் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் பழைய மாணாக்கர் ஒருவர் கனடாவிலே தொழில் புரிகின்றார். இருபது ஆண்டுகளாக வானிலிருந்து குதிப்பவர். தாய்லாந்திலே குதிப்பதற்காகச் சென்றவர், வழியில் ஊருக்கு வந்திருந்தார். பொதியை விரித்துக் காட்டுமாறு வேண்டினேன். எம் பாடசாலை மண்டபத்திலே பாயை விரித்து, வானவில்லின் நிறங்கள் கொண்ட துணியை நீட்டிப் போட்டார். அது குடைபோல் வட்டமாக இல்லை. நீண்ட சதுரமாக இருந்தது. இரண்டு துணித் தட்டுகளுக்கிடையே ஒன்பது அறைகள், முன்வாய் திறந்திருக்கும். முன்வாயால் நுழையும் காற்று அறைகளை நிரப்ப, துணியே விறைத்துப் பறவைச் சிறகாகின்றது. 1960களிலே டொமினா ஜல்பெர்ட் என்பவர் கண்ட அமைப்பு இது. பழைய குடை காற்று கொண்டுசென்ற இடத்தில் இறங்கும். இதுவோ இறங்குபவன் கருதிய இடத்துக்குச் செல்லும். “அப்படியானால், தம்பி, வான்குடை என்ற பெயர் இனிப் பொருந்தாது, ‘வான்சிறகு’ எனல் வேண்டும்” என்றேன். “பெயர் எதுவானாலும் மடிப்புச் சரியாக இருக்க வேண்டும், ஐயா” என்றார் அவர்.

பொதியிலே இரண்டு குடைகள் உள. ஒன்று முதற்குடை, மற்றொன்று, முதற்குடை பழுதுற்றால் விரிப்பதற்கான சேமக்குடை. சேமக்குடையை மடிக்கத் தகுதிச் சான்று பெற்றவருக்கே உரிமை உண்டு. பழுதுற்ற முதற்குடையைக் கழற்றுவதற்கு ஒவ்வொரு தோளிலும் மூன்று வளையங்கள், ஒன்றைவிட ஒன்று சிறிதாய்க் கோக்கப்பட்டிருக்கின்றன. மனிதன் முழுவதையும் தாங்கும் பாரம், நெம்புகோல் முறையாலே வளையத்துக்கு வளையம் குறைந்து, ஈற்றில் ஒரு சிறு நூல்வளையத்தில் வந்து நிற்கும். ஒரு கையால் இழுத்த அளவில் யாவும் கழன்றுவிடும். 1970களிலே பில் பூத் என்பவர் அமைத்தது இது. மேலும், குதித்தவர் மயங்கிக் கிடந்தாலும், தரையிலிருந்து ஏறத்தாழ 225 மீற்றர் உயரத்தில் இன்னும் விரைவாக வீழ்ந்துகொண்டிருந்தால், சேமக்குடையின் கட்டைத் தானே அறுத்துவிடும் சிறுகருவியொன்றும் பொதியினுள் உண்டு. ஜெர்மனியரான ஹெல்முட் குலோத், நண்பர் ஒருவரை இழந்த துயரத்திலிருந்து அதனை ஆக்க முனைந்து, 1991இல் வெளியிட்டார்.

கால் மணி நேரம் அவர் மடித்தார். ஒவ்வொரு கயிற்றையும் விரலாற் பிரித்து, ஒவ்வோர் அறையையும் நீவி, காற்றை வெளியேற்றி, முழந்தாளிட்டுத் துணியை அழுத்தினார். மாணாக்கர் பேச்சற்றுப் பார்த்திருந்தனர். ஒரு பிள்ளை, “மடிப்பு ஒன்று தவறினால் என்ன?” என்று கேட்டாள். “தவறியதாக ஐயம் வந்தாலே பிரித்து மறுபடியும் மடிப்பேன். ஐயத்தோடு விமானத்தில் ஏறுவதில்லை” என்றார். பிழை திருத்தாமல் ஏட்டை ஒப்படைக்கும் மாணாக்கருக்கு நான் ஆண்டு முழுதும் சொல்ல முயன்றதை, அவர் அவ்வொரு விடையிலே சொல்லிவிட்டார்.

பயிற்சியும் இத்தகையதே. வீழ்தலைக் கற்பவன் முதலில் நிலத்திலே கற்கின்றான். படைவீரர் பயன்படுத்தும் வட்டக் குடையில் இறங்குபவன் தரை தொடும் வேகம், இரண்டு மீற்றர் மதிலிலிருந்து குதிப்பவனின் வேகத்துக்கு ஏறத்தாழ ஒப்பானது. பாதமும் முழந்தாளும் சேர்த்து, முதலில் அடிப்பாதம், பின் கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என அதிர்ச்சியைப் பகிர்ந்துகொண்டு உருளல் வேண்டும். ஒரே எலும்பின் மேல் வரும் அடியை உடல் முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுப்பது இம்முறை. இதனை நூற்றுக்கணக்கான முறை உருண்டு பழகிய பின்னரே விமானத்தை அணுகவிடுவர். புதியவர் சிலர் ஆசிரியரோடு ஒரே பிணைப்பிலே குதிப்பர். சிலர் இருபுறமும் ஆசிரியர் பற்றியிருக்க வீழ்வர். அமெரிக்காவிலே தனித்துக் குதிக்கும் முதல் உரிமத்துக்கே இருபத்தைந்து குதிப்புகள் வேண்டும்.

குதித்தபின் என்ன நிகழ்கின்றது? பத்துப் பன்னிரண்டு நொடிகளுள் வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றரை அடைகின்றது. அப்போது காற்றின் தடையும் உடலின் எடையும் சமனாகிவிடுவதால், வேகம் அதற்குமேற் கூடுவதில்லை. கவிழ்ந்து, கைகால்களைப் பரப்பியவர் காற்றின் மெத்தைமேற் கிடப்பவர்போல் உணர்வாராம். “விழுகிறோம் என்ற எண்ணமே வராது, ஐயா. மணிக்கட்டிலே உள்ள உயரமானி மாத்திரம் உண்மை சொல்லும். அதனை நம்பாமல் மனத்தை நம்பியவன் கெட்டான்” என்று என் மாணாக்கர் கூறினார். இன்பம் மிகும் வேளையிலும் அளவுகோலைப் பார்க்க மறவாமை அவர்களது முதற்பாடம்.

அவர்தம் சமுதாயத்து வழக்கங்களும் அறியத்தக்கன. ஒவ்வொருவரிடமும் ஒரு குறிப்பேடு உண்டு. எங்கே, எவ்வுயரத்திலிருந்து, என்ன செய்தார் என்பதெல்லாம் எழுதப்பெறும். பயிலும் காலத்திலே கண்டவர் ஒருவர் கையொப்பமிடுவார். செல்வமும் பதவியும் அங்கு மதிப்புத் தருவதில்லை. ஏட்டிலுள்ள எண்ணிக்கையும் ஒழுங்குமே தரும். விமானத்திலே ஒருவர் மற்றவரின் முதுகுப்பொதியைத் திறந்து ஊசியும் கட்டும் சரிபார்ப்பர். ஆயிரம் முறை குதித்தவரும் பத்து முறை குதித்தவரிடம் தம் முதுகைக் காட்டத் தயங்குவதில்லை. தன் முதுகைத் தான் காணவியலாது என்பதை ஒப்புக்கொள்ளும் பணிவு அது.

கருவிகள் சிறந்ததனால் இறப்புக் குறைந்தது. அமெரிக்காவிலே 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பது பேருக்கு மேல் இவ்விளையாட்டில் இறந்தனர். 2024இல், 38 இலட்சத்துக்கு மேற்பட்ட குதிப்புகளிலே இறந்தோர் ஒன்பதின்மர். எனினும் மூவளையம் கண்ட பூத் அவர்களே ஓர் எச்சரிக்கை விடுத்தார்: கருவி எவ்வளவு காப்பானதாகின்றதோ, அவ்வளவுக்கு மனிதர் இடரை நாடிச் செல்வர் என்பது அவர் கருத்து. குடை நன்கு விரிந்த பின்னும், தரையருகே வேகமாய்த் திரும்பிச் சாகசம் காட்ட முனைந்து மடிவோர் இன்றும் உளர். பாரம்பரியக் காவலெல்லாம் கைவசம் இருக்கவும் செருக்கினாற் கெடுவது வானத்துக்கு மாத்திரம் உரிய கதை அன்று.

இத்துறையிலே நம் அயலகப் பெண்களும் பெயர் நாட்டியுள்ளனர். இந்தியாவின் ரேச்சல் தோமஸ் 2002இல் வடதுருவத்தின்மேற் குதித்தார். 2005இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பூனா நகரத்துச் சீத்தல் மகாஜன் 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் தாய்லாந்தின் பட்டாயாவிலே, மராத்தியர் உடுக்கும் ஒன்பது யார்ச் சேலையை உடுத்தே குதித்தார். அச்சேலை காற்றிற் கலைந்து கயிறுகளிற் சிக்காதவாறு இறுகப் பிணித்துக்கொள்வதே அச்செயலின் அருமை. சேலை பெண்ணைத் தடுப்பதன்று என்று அவர் காட்டிய பாங்கும், அதற்குரிய முன்னேற்பாடும் எம் மாணவியரை மிகக் கவர்ந்தன.

ஈற்றிலே, தமிழர் மறத்தலாகாத ஒருவரைச் சொல்லி முடிப்பேன். 1941ஆம் ஆண்டு அக்டோபரிலே, புதுடில்லியின் வில்லிங்டன் விமான நிலையத்திலே இந்தியாவின் முதல் வான்குடைப் பயிற்சி தொடங்கிற்று. அக்காலத்திலே வான்குடையோடு குதித்த முதல் இந்தியர் இருவர் என வரலாறு குறிக்கின்றது. ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் 152ஆம் வான்குடைப் பட்டாளத்து மருத்துவர் ஏ. ஜி. ரங்கராஜ், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அந்நாளைய பிரித்தானிய முறையிலே சேமக்குடை கிடையாது. குடை ஒன்றே, மடித்தவர் கை ஒன்றே நம்பிக்கை.

கொரியப் போர் மூண்டபோது, இந்தியா போரிடும் படையை அனுப்ப மறுத்து, 60ஆம் வான்குடைக் களமருத்துவப் பிரிவை மாத்திரம் அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கேணல் ரங்கராஜ். 1950 நவம்பரிலே அப்பிரிவு கொரியாவை அடைந்தது. டிசெம்பரில் பியோங்யாங் நகரை விட்டுப் படைகள் பின்வாங்கியபோது, மருத்துவக் கருவிகளை ஏற்றிச் செல்ல ஊர்தி இல்லை. கைவிடப்பட்ட புகையிரத இயந்திரமொன்றைத் தேடிப் பிடித்து, வாளிகளாலே கொதிகலனுக்கு நீர் நிரப்பி, யாவற்றையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் தெற்கே வந்து சேர்ந்தனர். 1951 மார்ச் 23ஆம் நாள், மூவாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வான்குடை வீரர் முன்சான் பகுதியிலே குதித்தபோது, அவர்களுடன் ரங்கராஜும் அவர் குழுவினருமாகப் பன்னிருவர், போர்நிலத்திலே குதித்தனர். காயமுற்றோருக்கு அங்கேயே அறுவை மருத்துவம் செய்தனர். இந்திய அரசு அவருக்கு மகாவீர் சக்கரம் அளித்தது.

வீரம் என்றவுடன் புறநானூற்றை விரிக்கும் மரபு நம்முடையது. அம்மரபிலே தோய்ந்தவன் நான். ஆயினும் நெடும்போரொன்றைக் கண்டு களைத்த இத்தீவிலே, வீரத்துக்கு வேறோர் இலக்கணத்தையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் கடனாகின்றது. ரங்கராஜ் கொல்வதற்காகக் குதிக்கவில்லை; தம் துணிவைப் பிறர் காண வேண்டும் என்றும் குதிக்கவில்லை. கீழே குருதி சிந்திக் கிடப்போரை அடைய வேறு வழியில்லை என்பதனாற் குதித்தார். அக்குதிப்புக்குப் பின்னே பத்தாண்டுப் பயிற்சி இருந்தது. குடையை மடித்த பெயரறியாக் கைகளின் பொறுப்பு இருந்தது. நோயாளியின்மேல் வைத்த அன்பும் இருந்தது.

‘வீழ்தல்’ என்பதன் இரு பொருளும் அவ்விடத்திலே ஒன்றாகிவிடுகின்றன. எதனை விரும்பி வீழ்கின்றோம், அவ்வீழ்ச்சிக்கு எவ்வளவு பொறுமையோடு ஆயத்தம் செய்தோம் என்னும் இரண்டும் கூடியதே வீரம். அவற்றுள் ஒன்றும் இல்லாத குதிப்பு, எவ்வளவு உயரத்திலிருந்து நிகழினும், வெறும் விழுதலே. ஆசிரிய நண்பர்கள் வீரம் பற்றிய பாடத்தை அடுத்த முறை நடத்தும்போது, கொரியாவின் வானத்திலே மருந்துப் பையோடு இறங்கிய அத்தமிழ் மருத்துவரின் பெயரையும் மாணாக்கருக்குச் சொல்வார்களாக.